பிராக்கெட் தானே!

(சென்ற ஆண்டு வெள்ளிமலையில் நடந்த நம் சங்கத்தின் குடும்ப சந்திப்பில், முதல் நாள் மாலை நான் பேசியதன் எழுத்து வடிவம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



ஒரு மாதத்துக்கு முன் செயலாளர் போன் செய்தார். "இருபது நிமிஷம் பேசணும். சப்ஜெக்ட் உன் இஷ்டம்" என்றார். "பிரேக் பிராக்கெட்டைப் பத்திப் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "ஏம்ப்பா, எல்லாரும் குடும்பத்தோட வராங்க..." என்று இழுத்தார். "குடும்பத்தோட கார்லதானே மலை ஏறி வராங்க? நாளைக்கு எறங்கவும் வேணுமில்ல?" என்று கேட்டேன். உடனே சம்மதித்துவிட்டார்.

இன்று காலை நாமெல்லாம் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வளைந்து வளைந்து மேலே வந்தோம். கல்வராயன் மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது இந்த ஊர் தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். 1976 வரைக்கும் இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. கடுக்காய்க்குப் பேர்போன மலை. நாளைக்குக் கீழே இறங்கும்போது ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போங்கள். பிரேக் பிடித்து நிறுத்தித்தான் வாங்க வேண்டும், அதனால் முதலில் பிரேக்கைப் பேசிவிடுகிறேன்.

இந்தச் சபையில் மெக்கானிக்கல் படிக்காதவர்கள் பாதிப் பேர். அதனால் அடியிலிருந்து வருகிறேன். காரின் முன் சக்கரத்துக்கு உள்ளே ஓர் இரும்புத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது காலிப்பர். நாம் பெடலை மிதித்தால் காலிப்பருக்குள் இருக்கும் பேடுகள் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கின்றன. 1953-இல் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு ஓடி ஜெயித்த பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. நம் ஊர் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் வெகு காலம் டிரம் பிரேக்கிலேயே ஓடின என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, டிஸ்க் சுற்றுகிறது. காலிப்பர் அதைப் பிடிக்கிறது. அப்போது டிஸ்க் சும்மா இருக்குமா? "நீயும் கூட வா" என்று காலிப்பரையும் சேர்த்து இழுக்கும். அந்த இழுப்புக்கு அசையாமல் காலிப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? அதுதான் பிராக்கெட். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் அதை அந்த அளவுக்கென்றே செய்து கொடுத்துவிடுகிறார்கள். நாம் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆனால், "எனக்குப் பெரிய பிரேக் வேணும்" என்று பெரிய டிஸ்க்கும் வேறு காலிப்பரும் வாங்கி மாட்டுகிறோம் பாருங்கள், அப்போது பழைய ஓட்டைக்கும் புதுக் காலிப்பருக்கும் நடுவில் ஒரு பாலம் தேவைப்படுகிறது. அந்தப் பாலத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் அதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தவன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பேட்ச்காரர்களுக்கு என் அறை நண்பனைத் தெரியும். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த மண்டபத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கார் ரேஸ் பைத்தியம். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவன். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் திறந்ததும் விடுதியில் எங்களையும் இழுத்துக்கொண்டு போனான். கோவை கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டிய கதையை அவன் சொல்லாத நாள் கிடையாது. 1995-இல் கரிவர்தன் மறைந்த செய்தி வந்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பின்னால் 2003-இல் செட்டிப்பாளையத்தில் அவர் பெயரில் டிராக் வந்தது எல்லோருக்கும் தெரியும்.

இவன் வேலைக்குப் போய்க் காசு சேர்த்து ஒரு மாருதி எஸ்டீம் வாங்கினான். இன்ஜினில் கொஞ்சம் வேலை பார்த்தான். வண்டி பறந்தது. 1998-இல் ஒரு நாள் வந்து, "டேய், ஓட்டம் பத்தலைன்னு இன்ஜினைப் பாத்தேன். இப்ப பிரேக் பத்தலை. முன்னாடி பெரிய டிஸ்க் போடணும்" என்றான். 300 மில்லிமீட்டர் டிஸ்க் ஒரு ஜோடியும், பெரிய வண்டியின் காலிப்பர் ஒரு ஜோடியும் எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கியிருந்தான். நல்ல விலை கொடுத்திருந்தான். பிராக்கெட் மட்டும் இல்லை.

இரண்டு வழி இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமில் ஒரே கட்டியிலிருந்து கடைந்து தருகிறேன் என்றார்கள். இருபது நாள் ஆகும், காசும் அதிகம். இன்னொன்று, பக்கத்தில் லேத் பட்டறையில் 8 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைக் கேஸ் கட்டிங்கில் வெட்டி, ஓட்டை போட்டுக் கொடுப்பது. ஒரே நாள் வேலை. அவன் என்னைப் பார்த்தான். "நீதான்டா மெக்கானிக்கல். நீ சரின்னா சரி" என்றான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பிராக்கெட் தானே! தகட்டிலேயே போதும்" என்றேன்.

பட்டறைக்காரர் மேல் தப்பு கிடையாது. நான் வரைந்து கொடுத்ததை அவர் அப்படியே வெட்டிக் கொடுத்தார். மிச்சத்தையெல்லாம் நான்தான் செய்தேன். தகட்டுக்கு அழகாகச் சில்வர் பெயின்ட் அடித்தேன். இரண்டு பக்கமும் அடித்தேன், உட்காரும் முகத்திலும் சேர்த்து. காலிப்பர் டிஸ்க்குக்கு நடுவில் வரவில்லை, 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. அதற்கு மூன்று வாஷரை அடுக்கி வைத்துச் சரிக்கட்டினேன். காலிப்பர் பக்கம் 10 மில்லிமீட்டர் போல்ட். தலையில் 8.8 என்று போட்டிருந்தது. நல்ல போல்ட்தான் என்று ஸ்பிரிங் வாஷர் போட்டுக் கை பலத்துக்கு முறுக்கினேன். டார்க் ரெஞ்ச் எடுக்கவில்லை.

மூன்று வாரம் வண்டி பிரமாதமாக நின்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இதே வெள்ளிமலைக்கு வந்தோம். ஏறும்போதே பிரேக் மிதித்தால் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். "என்னடா அது?" என்றான். "ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கு, கழலாது. பேடு ஆடும், வா" என்றேன். இது நான் சொன்ன இரண்டாவது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை. தெரியாததைத் தெரிந்தமாதிரி சொன்ன பொய்.

இறங்கும்போது ஒரு வளைவுக்கு முன்னால் அவன் அழுத்திப் பிரேக் பிடித்தான். வலது முன் சக்கரத்தில் ஒரு போல்ட் ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. இன்னொன்று அந்த இடத்தில் முறிந்தது. காலிப்பர் கழன்று திரும்பி ரிம்முக்குள் மாட்டிக்கொண்டது. சக்கரம் ஒரேயடியாக நின்றது. வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. எனக்கு நெற்றியில் நாலு தையல். அவனுக்கு வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. இன்றைக்கும் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறான். அன்று வலது பக்கம் மலை. இடது பக்கம் பள்ளம். இடது சக்கரத்தில் அந்தப் போல்ட் முறிந்திருந்தால் இரண்டு பேரில் ஒருவன்கூட இந்த மண்டபத்தில் இருந்திருக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீங்களும் கூடவே போடுங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான்.

வண்டியும் இரண்டு ஆளும் சேர்த்து 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயர், காய்ந்த ரோடு. முழு பலத்தோடு பிரேக் பிடித்தால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய வண்டியின் எடை அளவுக்கே இழுவிசை வரும். பிரேக் பிடிக்கும்போது வண்டி மூக்கைக் குத்துகிறது அல்லவா? அதனால் அதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்கு. அதாவது 770 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 385. சக்கரத்தின் ஆரம் 28 சென்டிமீட்டர். புது டிஸ்க்கில் பேடு பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 13 சென்டிமீட்டர். 385-ஐ 28-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 830 கிலோ. ஒரு மாருதி 800 காரின் எடையைவிட அதிகம். ஒவ்வொரு தடவை அழுத்திப் பிரேக் பிடிக்கும்போதும் அத்தனை எடையை அந்தப் பிராக்கெட்டில் தொங்கவிட்டு எடுக்கிறோம். "பிராக்கெட் தானே" என்று நான் சொன்னது இதைத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. பழைய சின்ன டிஸ்க்கில் பேடு பிடிக்கும் இடம் 10.5 சென்டிமீட்டரில் இருந்தது. அதே கணக்கைப் போட்டால் 1,000 கிலோவுக்கு மேல் வருகிறது. அப்படியானால் பெரிய டிஸ்க்கில் விசை குறைகிறதே, நல்லதுதானே என்பீர்கள். விசை குறைகிறது, வாஸ்தவம். ஆனால் காலிப்பர் பழைய ஓட்டையிலிருந்து வெளியே தள்ளிப் போய்விடுகிறது. கிணற்றில் வாளியைக் கையை மடக்கிப் பிடிப்பதற்கும் நீட்டிப் பிடிப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? அந்த நீட்டல்தான் பிராக்கெட்டை முறுக்குகிறது. மேலும், காலிப்பர் ஒரு தளத்திலும் போல்ட் இன்னொரு தளத்திலும் இருந்தால் பக்கவாட்டிலும் வளைக்கும். என் மூன்று வாஷரும் செய்தது அதைத்தான்.

அடுத்தது போல்ட். இது நம் இன்ஜினீயர்களே பலர் தப்பாகப் புரிந்துகொண்ட விஷயம். போல்ட் ஓர் ஆணி மாதிரி குறுக்கே நின்று எடையைத் தாங்குவதாக நினைக்கிறோம். சரியாகச் செய்த இணைப்பில் அப்படி இல்லை. போல்ட்டை முறுக்கும்போது அது ஒரு ஸ்பிரிங் மாதிரி இழுபட்டு, இரண்டு உலோக முகங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் எடையைத் தாங்குகிறது. 10 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டைச் சரியாக முறுக்கினால் சுமார் 2.8 டன் அழுத்தம் கிடைக்கும். இரண்டு போல்ட்டுக்கு 5.6 டன். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் உராய்வு 0.15 என்று வைத்தால், தாங்கக்கூடியது 840 கிலோ. வரும் எடை 830. மிச்சம் பத்தே கிலோ! அதுவும் சரியாக முறுக்கியிருந்தால். நான் கை பலத்துக்கு முறுக்கியவன். நடுவில் பெயின்ட் வேறு. பெயின்ட் சூட்டில் நசுங்கி, இறுக்கம் தளர்ந்துபோய்விடும்.

இதே இடத்தில் 12 மில்லிமீட்டர் 10.9 போல்ட் போட்டிருந்தால் ஒன்றுக்குச் சுமார் 6 டன். இரண்டுக்கும் சேர்த்துத் தாங்குவது 1,800 கிலோ. இரண்டு மடங்குக்கு மேல். தலையில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தம் இதுதான்: 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டனில் அறுந்துபோகும், அதில் 80 சதவீதம் வரைக்கும் நீண்டுவிடாமல் தாங்கும். 10.9 என்றால் 1,000 நியூட்டன், 90 சதவீதம்.

ஸ்பிரிங் வாஷர் விஷயம் இன்னும் பாவம். 1969-லேயே ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் சோதனை செய்து காட்டிவிட்டார். இணைப்பு பக்கவாட்டில் துளியளவு நழுவி நழுவி வந்தால் போல்ட் தானாகவே கழன்றுவிடும். ஸ்பிரிங் வாஷர் அதைத் தடுக்காது. நழுவாமல் இருந்தால்தான் கழலாது. எங்கள் வண்டியில் நடந்தது அதேதான். ஒரு போல்ட் நழுவி நழுவிக் கழன்று விழுந்தது. மற்றது ஆடி ஆடி விரிசல் விட்டது. முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். பாதி முகம் தேய்ந்து மழுங்கி, அலை அலையாக இருந்தது. மீதிப் பாதி புதிதாக, மணல் மாதிரி பளபளத்தது. மழுங்கின பாதி மூன்று வாரமாக முறிந்துகொண்டிருந்தது. பளபளத்த பாதி அந்த வளைவில் முறிந்தது. உலோகச் சோர்வு என்று மூன்றாம் வருஷம் சார் பாடம் எடுத்தாரே, பரீட்சையில் நான் நன்றாகவே எழுதினேன்!

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? ஆறு மாதத்துக்கு முன்னால் என் அக்கா மகன் வந்தான். ஓசூரில் வேலை. ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறான், செட்டிப்பாளையம் டிராக்கில் ஓட்டுவதற்கு. அவனும் பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர் எல்லாம் வாங்கிவிட்டான். ஒரு பெட்டியைத் திறந்து இரண்டு ஜோடி பிராக்கெட்டை மேஜையில் வைத்தான். ஒன்று வழவழவென்று கறுப்புச் சாயம் ஏற்றிய அலுமினியம். வெளிநாட்டிலிருந்து வந்தது. இன்னொன்று லேசரில் வெட்டின எஃகுத் தகடு, பார்க்க முரட்டுத்தனமாக இருந்தது. "மாமா, நீங்க பாத்து சரின்னா போட்டுடறேன்" என்றான்.

அதே வாக்கியம்! எனக்கு நெற்றித் தையல் இருந்த இடம் சுருக்கென்றது. "சரின்னு சொல்லமாட்டேன். கணக்குப் போடலாம், உக்காரு" என்றேன்.

உங்களில் பலர் நினைப்பது போல அலுமினியம்தான் ஜெயித்தது என்று கதையை முடிக்க மாட்டேன். அலுமினியத்தில் 6061-டி6 என்ற ரகம் சாதாரண இரும்பின் வலுவுக்கு ஏறக்குறைய சமம். 7075-டி6 அதைவிட அதிகம். ஆனால் வலு வேறு, விறைப்பு வேறு. விறைப்பில் எந்த அலுமினியமும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவில் செய்தால் மூன்று மடங்கு வளையும். அதனால் தடிமனாகச் செய்ய வேண்டும். சூடும் ஆகாது. 150 டிகிரியைத் தாண்டி நேரம் போகப்போக அந்த வலுவும் இறங்க ஆரம்பிக்கும். பிராக்கெட் இருப்பதோ கொதிக்கும் டிஸ்க்குப் பக்கத்தில். தடிமன் கொடுத்துச் செய்தால் அருமையான பொருள்தான், டிராக் வண்டிகளில் ஏராளமாகப் போடுகிறார்கள். இவன் கொண்டுவந்ததில் கோளாறு வேறு இடத்தில். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அலுமினியத்திலேயே நேராக மறை போட்டிருந்தார்கள். மறையின் ஆழம் 10 மில்லிமீட்டர். அலுமினியத்தில் போல்ட்டின் விட்டத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வேண்டும். அதாவது 18 முதல் 24. இல்லையென்றால் எஃகு மறைச்சுருள் பதிக்க வேண்டும். நாலு தடவை பேடு மாற்றக் கழற்றிப் பூட்டினால் இந்த மறை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

எஃகுத் தகட்டில் வலுவுக்குக் குறைவில்லை. ஆனால் தட்டை. டிஸ்க்குக்கு நடுவில் வர 5 மில்லிமீட்டர் வாஷர் அடுக்க வேண்டும். "மாமா, ரெண்டு வாஷர்தானே" என்றான். நான் பேசவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தப் பழைய முறிந்த போல்ட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். அவனுக்குக் கதை தெரியும். போல்ட்டை அன்றுதான் பார்க்கிறான். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் வேண்டாம் மாமா" என்றான்.

கடைசியில் என் பட்டறையிலேயே செய்தோம். கள்ளக்குறிச்சிப் பக்கம் அரிசி ஆலைகளுக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் உதிரி பாகம் செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தோம். அப்புறம் மரத்தில். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் களிமண் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினோம். களிமண்ணில் எங்கேயும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடிமன் நின்ற பிறகுதான் உலோகத்தில் கை வைத்தோம். இ.என்.8 எஃகுக் கட்டியில், அந்த 5 மில்லிமீட்டர் படியையும் சேர்த்து ஒரே துண்டாகக் கடைந்தோம். மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக எடுத்தோம், விரிசல் ஆரம்பிப்பது கூர்மூலையில்தான். உட்காரும் முகங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்தோம். அந்த முகங்களில் பெயின்ட் கிடையாது. 12 மில்லிமீட்டர் 10.9 போல்ட், கெட்டியான வாஷர், டார்க் ரெஞ்ச். முறுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு. கோடு விலகினால் போல்ட் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் ஓட்டம் முடிந்து ஆறிய பிறகு மறுபடி சோதித்தோம். கோடு நேராகவே இருந்தது.

யாராவது உங்களிடம் பிராக்கெட்டைக் காட்டி "இது போதுமா?" என்று கேட்டால், அலுமினியமா எஃகா, விலை என்ன என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை கிலோ வரும் என்று போட்டுப் பார்த்தாயா? போல்ட் எத்தனை, என்ன எண், எவ்வளவு முறுக்கு? மறை எவ்வளவு ஆழம்? முகத்தோடு முகம் வெற்று உலோகமாக உட்காருகிறதா, நடுவில் ஏதாவது அடுக்கியிருக்கிறாயா? ரிம்முக்கு இடம் இருக்கிறதா? இதைக் கேளுங்கள். பதில் தெரியாதவன் கையிலிருப்பது எந்த உலோகமானாலும் போதாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பெரிய பிரேக் உனக்கு எதற்கு? உன் வண்டியின் பிரேக் இப்போதே சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்குப் பிடிக்கிறதென்றால், பெரிய டிஸ்க் போட்டாலும் நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. நிறுத்துவது டயர். பெரிய டிஸ்க் செய்வது சூட்டை வாங்கிக்கொள்வது. மேலும் காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் பெடல் ஆழமாக இறங்கும், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கு மாறிவிடும். ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. என் அக்கா மகன் வண்டியை டிராக்குக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறான்.

நாளைக்கு இறங்கப் போகிற நமக்கு என்ன? 1,100 கிலோ வண்டி 600 மீட்டர் உயரம் இறங்கினால் வரும் சக்தி, சுமார் 22 லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிக்க வைக்கும். அத்தனையையும் பிரேக்கில் கொட்டினால் அது தாங்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள், இன்ஜின் பாதியை வாங்கிக்கொள்ளட்டும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வேண்டிய இடத்தில் அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துப் பழசானால் 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பெரிய பிரேக்கைவிட ஒரு பாட்டில் புது ஆயில் நம் எல்லோருக்கும் லாபம். முன்னால் ஏதாவது 'டக்' என்று கேட்டால், பக்கத்தில் இன்ஜினீயர் உட்கார்ந்திருந்தாலும் அவன் பேச்சைக் கேட்காமல் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

முடிக்கிறேன். நான் தகடு வாங்கியது குற்றமில்லை. தகட்டிலும் சரியாகச் செய்ய முடியும். கணக்குப் போடாமல் "சரி" என்று சொன்னதுதான் குற்றம். அவன் என்னை நண்பன் என்று கேட்கவில்லை, இன்ஜினீயர் என்று கேட்டான். நம் கல்லூரி கொடுத்த பட்டத்தைப் பார்த்துக் கேட்டான். நான் பட்டத்தைக் காட்டினேன், படிப்பைக் காட்டவில்லை. இந்தச் சபையில் பாலம் கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், பாய்லர் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களை நம்பி யாரோ ஒருவர் "நீ சொன்னா சரி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் நண்பன் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைத் திட்டியதில்லை. ஒன்று மட்டும் செய்வான். நான் வீடு கட்டியபோதும், பெண்ணுக்கு வரன் பார்த்தபோதும், இன்று காலை வேனில் மூட்டைகளை மேலே கட்டும்போதும் ஒரே கேள்விதான் கேட்டான்: "கணக்குப் போட்டியா?" இப்போதும் கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்குகிறான். என்ன கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும். போட்டுட்டேன்டா. இருபது நிமிஷம் கொடுத்தார்கள், இருபத்தைந்து ஆகிவிட்டது.